பிடிக் கணக்கு

அம்மம்மா செத்த ஐந்தாம் நாள் மாமா தொலைபேசி எடுத்தார். "முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டு அடிக்கவேணும். நீதானே எழுதுறனி, ரெண்டு பக்கம் அனுப்பிவிடு." எங்கள் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அட்டையில் படம், உள்ளே பிள்ளையார் துதி, தேவாரங்கள், வம்ச வழி, மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். நடுவில் ஒரு வாழ்க்கை வரலாறு. அந்த வரலாற்றுக்கு வேண்டிய சொற்களை அச்சுக்கூடக்காரர் முன்கூட்டியே கோத்து வைத்திருப்பார் போலிருக்கும்: அயராத உழைப்பாளி, தெய்வபக்தி மிக்கவர், குடும்பத்தின் குலவிளக்கு. இரவு வேலை முடிந்து வந்த களையில் நானும் அதையே எழுதி அனுப்பினேன். மாமாவுக்கு நல்ல திருப்தி.

எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் மன்னாரில் எந்த ஆச்சியின் கல்வெட்டிலும் அந்த இரண்டு பக்கத்தையும் போடலாம். இலுப்பைக்கடவையில் ஒரு மண்முட்டிக்குக் காவல் இருந்தே காலம் கழித்த மனுஷியை அதில் காணவில்லை.

மன்னாரிலிருந்து வடக்கே பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், பள்ளமடுவுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் நடுவில் இருக்கிறது இலுப்பைக்கடவை. மேற்கே சேற்றையும் கண்டல் பற்றைகளையும் தாண்டினால் பாக்கு விரிகுடா. அலையென்று சொல்லக்கூடிய அலை இல்லாத கடல்; வற்று நேரத்தில் முழங்காலளவு தண்ணீரில் கனதூரம் நடக்கலாம். கிழக்கே வயல், வயலுக்கு அப்பால் குளக்கட்டு, கட்டுக்கு அப்பால் காடு. எங்கள் பக்கத்தால் ஓடிக் கடலில் விழும் பறங்கியாறும் பாலியாறும் மாரியில் மட்டும்தான் ஆறு. கோடையில் அவை மணல். கடலோரம் வலைக்காரர், உள்ளே கமக்காரர். தெய்வங்களும் அப்படித்தான் இடம் பிரித்துக் கொண்டிருந்தன. கரைப்பக்கம் மாதாவும் அந்தோனியாரும், வயல்பக்கம் பிள்ளையாரும் ஐயனாரும். கடவை என்றால் கடந்துபோகிற இடம். எங்கள் ஊரைத் தெரியும் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் பஸ்ஸில் இருந்தபடி கடந்துபோனவர்கள்.

பெயரின் மற்றப் பாதியான இலுப்பையைச் சிறுவயதில் நான் ஒரு வேலையாகத்தான் அறிந்தேன். பங்குனி, சித்திரையில் பூக்கும். பூ இரவில் உதிரும். விடியப்புறம் மரத்தடிக்குப் போனால் வெளிர்மஞ்சளாய்ச் சதைப்பிடிப்பான பூக்கள் கிடக்கும். வாயில் போட்டால் தித்திக்கும், கூடவே ஒரு புளித்த வாடை வரும். ஆனி, ஆடியில் பழம். பழத்தை வௌவால் தின்னும், கொட்டையை எங்களுக்கு விடும். அம்மம்மா ஆளுக்கொரு ஓலைப்பெட்டியைத் தந்து அனுப்புவார். "வௌவால் சப்பின கொட்டைதான் முத்தல். பார்த்துப் பொறுக்குங்கோ." உடைத்த பருப்பைக் காயவைத்துச் செக்குக்குக் கொடுத்தால் கெட்டியான எண்ணெய் வரும். மார்கழிக் குளிரில் அது போத்தலுக்குள் நெய்போல உறைந்து நிற்கும். பிண்ணாக்குத்தான் அரப்பு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டு முழுக வார்ப்பார். கண்ணுக்குள் ஒரு துளி போனால் அன்று முழுக்க உலகம் சிவப்பு. அந்த அரப்பைக் குளத்து மடுவில் கரைத்து மீனை மயங்கவைத்துப் பிடிக்கிற வித்தை எங்கள் வயதுப் பெடியள் எல்லாருக்கும் தெரியும். பிடிபட்ட அன்றைக்கு விழுந்த அடியும் எல்லாருக்கும் தெரியும்.

முதல் போத்தல் எண்ணெய் குளக்கட்டுப் பிள்ளையாருக்கு. இரண்டாவது வீட்டுச் சாமித்தட்டுக்கு. மிச்சம்தான் எங்கள் தலைக்கும் முழங்காலுக்கும். இந்த வரிசை எதற்கும் மாறாது. நெல்லென்றாலும் பசுவின் முதல் பாலென்றாலும் முருங்கையின் முதல் காயென்றாலும் முதலில் பிள்ளையார், பிறகு வருத்தக்காரர், பிறகு பிள்ளைகள், பிறகு ஆம்பிளைகள், கடைசியில் பொம்பிளைகள். என் அம்மா கல்யாணம் கட்டும்வரை அடிச்சட்டிச் சோறுதான் தின்றாராம். மாமாமார் அதை அறியாதவர்கள் மாதிரி இப்போதும் "எங்கட அம்மா எல்லாருக்கும் சமமாய்ப் போட்டவ" என்பார்கள். அம்மா அந்த இடத்தில் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

அம்மப்பா நாற்பது வயது தாண்டிக் கொஞ்சக் காலத்தில் போய்ச்சேர்ந்தார். காய்ச்சல், மூன்று நாள். அப்போது கடைசிச் சின்னம்மாவுக்கு நடை வரவில்லை. அம்மம்மாவுக்கு ஆறு பிள்ளைகள், நான்கு ஏக்கர் வயல், இரண்டு சோடி மாடு. வயலைக் குத்தகைக்கு விடச்சொல்லிச் சகோதரங்கள் வந்து சொன்னார்களாம். "குத்தகைக்காரன் விதைப்பான். காவல் காப்பானோ?" என்று கேட்டுவிட்டு, அந்தக் காலபோகத்துக்குத் தானே இறங்கினார். ஐப்பசி மழைக்கு முன் விதைப்பு, தையிலும் மாசியிலும் அரிவி வெட்டு. நடுவில் இரவுக் காவல். பன்றிக்கும் யானைக்கும் தகரம் தட்டிக்கொண்டு பரணில் படுத்த பொம்பிளையை அந்த வட்டாரத்தில் அதற்கு முன் ஆரும் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் அக்காலத்தில் சூடு மிதிக்கிற களத்துக்குள் பெண்கள் காலடி வைப்பதை விரும்பமாட்டார்கள். தாலி இழந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மம்மா களத்துக்கு வெளியே வரம்பில் குந்தியிருந்து, எத்தனை மூட்டை கட்டுகிறார்கள் என்று விரல் மடித்து எண்ணிக்கொண்டிருப்பார். களத்தில் நெல்லை நெல்லென்று சொல்லக்கூடாது, 'பொலி' என்றுதான் சொல்லவேண்டும். அவர் வரம்பிலிருந்து "பொலி எத்தினை?" என்று குரல் கொடுத்தால் உள்ளே நிற்பவர்கள் ஒன்றைக் குறைத்துச் சொல்லமுடியாது. அவருக்கு முதலே தெரியும்.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்ற மனுஷி. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எண்ணிக்கை மட்டும் மலைபோல.

இனி முட்டி. எங்கள் ஆட்களிடம் பிடியரிசி வைக்கிற வழக்கம் இருந்தது, இப்போதும் சில வீடுகளில் இருக்கலாம். உலை வைக்கும்போது அரிசியில் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று எடுத்து வேறாக வைப்பது. அம்மம்மாவின் பிடியரிசி முட்டி குசினியின் மேற்கு மூலையில், புகைபடிந்த சுவரோடு, சிரட்டையால் மூடியபடி இருக்கும். நான் ஏழெட்டு வயதில் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது இப்படி: சுளகில் அரிசியைப் புடைப்பார். கல், நெல், கறுப்பு எல்லாம் பொறுக்கி முடிந்ததும் வலக்கையை அரிசிக்குள் விட்டு ஒரு பிடி அள்ளுவார். குவித்து அள்ளமாட்டார், விரலிடுக்கால் சிந்துவது சிந்தட்டும் என்று ஒரு கணம் நிறுத்துவார். சிந்தி முடிந்து கைக்குள் நின்றதுதான் பிடி. அதை முட்டிக்குள் விட்டுச் சிரட்டையை மூடிய பிறகே வீட்டுக்கு அளக்கிற சுண்டுப் பேணியைத் தொடுவார். வாயில் மந்திரம் இல்லை, கண்ணை மூடுவதும் இல்லை. அடுப்பில் விறகு தள்ளுகிற முகம்தான் அப்போதும்.

முட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டு உலைக்கு ஒரு அரிசியும் போகக்கூடாது. அயலில் ஆரும் "ஆச்சி, இண்டைக்கு அடுப்பு மூட்டேல்லை" என்று வேலியோரம் வந்து நின்றால் கொடுக்கலாம். அது பிள்ளையார் கொடுக்கச் சொன்னது. முட்டி நிறைந்தால் கோயில் பொங்கலுக்குப் போகும். ஆனால் எங்கள் வீட்டில் அரிசி முடிந்தால், முட்டி கழுத்துமுட்ட நிறைந்திருக்க, அம்மம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அயலில் கைமாற்று வாங்கப் போவார். மழை பொய்த்த ஒரு வருடம் அப்படி நடந்ததை நானே கண்டிருக்கிறேன். "வீட்டில அரிசியை வைச்சுக்கொண்டு ஊரில கடன் வாங்கிற சீமாட்டி" என்று பெரியமாமா குசினிக்குக் கேட்கத்தக்கதாய்ச் சொன்னார். குசினியில் இருந்து பதில் வந்தது: "அது எங்கட அரிசியில்லை." எழுபதுகளின் தொடக்கத்தில் உணவுக்கடைகளில் வாரம் இரண்டு நாள் சோறு பரிமாறக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலத்திலும் அந்தப் பிடி ஒரு நாளும் தவறவில்லை என்று அம்மா சொல்வார்.

அவருடைய பக்தியைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்குக் கதை குறைவு. தேவாரம் நாலைந்து தெரியும், ராகம் கிடையாது. மாசியில் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவித் தீர்த்தத்தில் முழுகி, குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து மகாலிங்கத்துக்கு எங்கள் கையாலேயே வார்ப்போம். வண்டில் கட்டிப் போவோம். விடியவிடிய முழித்திருக்கவேண்டும் என்று கூட்டிப்போனவர், நடுச்சாமத்தில் எங்களுக்கு முதலே தூணோடு சாய்ந்து குறட்டை விடுவார். "ஒரு வருசக் களை மோனை, அவருக்குத் தெரியும்" என்பார் காலையில்.

வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. மாறிப் புழங்கினால் சட்டி வளவுக்குள் பறக்கும். ஆனால் வியாழக்கிழமை அவர் வைக்கிற நண்டுக்குழம்பைச் சாப்பிட்டவர்கள் வெள்ளிக்கிழமை விரதத்தின் அருமையை அறிவார்கள். முருங்கையிலையை அடுப்பால் இறக்கும்போதுதான் போடவேண்டும், அரைமணி முதலே போடுகிறவர்கள் சமைக்கத் தெரியாதவர்கள். இதில் நான் இன்றைக்கும் அம்மம்மா கட்சி.

மடு மாதா கோயிலையும் அவர் விட்டதில்லை. சைவக்காரி மடுவுக்குப் போவது எங்கள் மாவட்டத்தில் புதினமில்லை. ஓகஸ்ட் 15 ஆவணித் திருவிழாவுக்கு அயல் வேதக்காரச் சனத்தோடு சேர்ந்து போய்க் காட்டு மரத்துக்குக் கீழே கிடுகுக் கொட்டில் போட்டுத் தங்கி, திரும்பும்போது ஒரு பேணிக்குள் மடு மண் கொண்டுவருவார். பாம்பு கடித்தால் அந்த மண்ணைக் கரைத்துப் பூசுவது, கொடுப்பது. வயலில் இரவு நிற்கிற பொம்பிளைக்குப் பிள்ளையாரோடு மாதாவும் தேவைப்பட்டா. அந்த மாதாவின் சொரூபமே ஒரு காலத்தில் அகதியாய்ப் போனதுதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைக் கெடுபிடி செய்த 1670களில் மாந்தையில் இருந்து சில குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி மருதமடுவில் வைத்தார்கள். அம்மம்மாவுக்கு இந்தக் கதை தெரியும். நான் வரலாற்றுப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லப்போக, "நீ இப்பவே அறிஞ்சனி?" என்று கேட்டார்.

ஒன்றை எழுதாமல் விடலாம். விட்டால் மறுபடி கல்வெட்டுத்தான் எழுதியதாகும். எங்கள் வயலில் வேலைசெய்ய வருபவர்களில் ஒரு குடும்பத்துக்கு அம்மம்மா தண்ணீரை வேறு பேணியில்தான் கொடுப்பார். அது வேலியோரம் கிளுவந்தடியில் கவிழ்த்தபடி இருக்கும். அவர்களுக்குச் சாப்பாடு குறைய மாட்டாது, கூலி ஒரு நாளும் பிந்தாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிடியரிசி முதலில் அவர்களுக்குத்தான் போகும். ஆனால் பேணி வேறு. அந்த வீட்டுப் பெடியன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். ஒரு நாள் எங்கள் வளவுக்கு வந்தவன் அந்தப் பேணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தண்ணீர் குடிக்காமல் போய்விட்டான். நான் அம்மம்மாவிடம் அதுபற்றிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்தால், எனக்குக் கிடைத்த முதல் பங்கு சோறு நினைவுக்கு வருகிறது.

நான் படிக்க யாழ்ப்பாணம் போனது பூநகரி வழியாக. சங்குப்பிட்டியில் பஸ்ஸை விட்டிறங்கி, 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் கேரதீவுக்கு. எண்பதுகளின் கடைசியில் அங்கிருந்து கொழும்பு, பிறகு கனடா. 1990க்குப் பிறகு கடிதம் வருவதே பெரும்பாடு. அந்த வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரையும் புலிகள் வெளியேற்றினார்கள்; விடத்தல்தீவில் இருந்தும் பெரியமடுவில் இருந்தும் சனம் உடுத்த துணியோடு போனது. அம்மம்மாவுக்குச் சீலை விற்கிற நானா ஒருவர் இருந்தார், தவணைக்குக் கொடுப்பவர். அவருக்குக் கொடுக்கவேண்டிய மிச்சக் காசைப் பழைய துணியில் முடிந்து ரங்குப்பெட்டிக்குள் வைத்திருந்தார். 2003இல், சமாதான காலத்தில், நான் போனபோது முடிச்சைக் காட்டி, "புத்தளத்தில இருக்கினமாம், விசாரிச்சுப் பார் மோனை" என்றார். விசாரித்தேன். கிடைக்கவில்லை. 

அந்தப் பயணத்தில்தான் பொருளாதாரத் தடைக்காலக் கதைகள் கேட்டேன். மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்தில். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் துளி எண்ணெயும் விட்டுச் சின்னத் திரி எரிக்கிற சிக்கன விளக்கில்தான் வன்னிப் பிள்ளைகள் படித்தார்கள். சவர்க்காரம் இல்லை. "ஊருக்குப் பேர் வைச்சவங்கள் விசரரில்லை" என்றார் அம்மம்மா. இலுப்பெண்ணெய் விளக்குத் திரும்பி வந்தது, அரப்பு திரும்பி வந்தது. நாங்கள் மறந்துபோன கொட்டை பொறுக்கும் வேலையைச் சின்னம்மாவின் பிள்ளைகள் செய்தார்கள். அப்போதும் முதல் போத்தல் குளக்கட்டுக்குத்தான் போனதா என்று கேட்டேன். "பிறகு?" என்றார்.

2008இல் மன்னார்ப் பக்கமாய்ச் சண்டை வடக்கே ஏறியது. ஏப்ரலில் குருமார் மடு மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டித் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். தேவன்பிட்டி எங்களுக்கு வடக்கே, கிட்டத்தான். அம்மம்மா மருமகனின் சைக்கிள் கரியரில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது வீட்டில் எல்லாருக்கும் பாடம்: "அவவும் வெளிக்கிட்டிட்டா. இனி நாங்களும் சாமானைக் கட்டத்தான் வேணும்." யூலை 16 விடத்தல்தீவு விழுந்தது, 20ஆம் திகதி இராணுவம் இலுப்பைக்கடவைக்குள் வந்தது. அதற்கு முதலே எங்கள் சனம் உழவுயந்திரப் பெட்டியில் ஏறிவிட்டது. நெல்மூட்டை ஐந்து, ஓடு கழற்றக்கூடியவரை, உரல், சாமிப்படம். முட்டி பெட்டிக்குள் உடைந்துவிடும் என்று அதிலிருந்த அரிசியைச் சீலைத்துண்டில் கட்டி மடியில் வைத்திருந்தாராம். முட்டியைக் கவிழ்த்து அதே மூலையில் வைத்து, மேலே சிரட்டையையும் வைத்துவிட்டு வந்ததாகச் சின்னம்மா சொன்னார்.

வெள்ளாங்குளம், முழங்காவில், அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, மாத்தளன். அந்த வழியை எழுதியவர்கள் இருக்கிறார்கள், அதில் நடந்தவர்கள் எழுதவேண்டியது அது. நான் ரொறன்ரோவில் செய்தித்தளங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவன். எனக்குத் தெரிந்தது பிடியரிசியின் வழி மட்டும். தருமபுரம் வரை ஒவ்வோர் உலையிலும் ஒரு பிடி துணிப்பைக்குள் போனது. விசுவமடுவில் உரல் விடுபட்டது. மாத்தளனுக்கு வரும்போது நெல்மூட்டை இல்லை, வீட்டரிசி இல்லை. இருந்தது துணிப்பை மட்டும்.

பதுங்குகுழிக்குள் இரண்டு குடும்பம். எங்களுடையது ஒன்று, மற்றது கிளுவந்தடிப் பேணிக் குடும்பம். இடம்பெயர்வில் ஒரே உழவுயந்திரத்தில் வந்தவர்கள். குழந்தைகள் மூன்று, சின்னம்மாவின் பேத்திக்கு அப்போது இரண்டு வயது. கஞ்சி கொடுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கப்போனவர்கள் சிலர் திரும்பி வராத நாட்கள். பேத்தி அழுவதற்குச் சத்தில்லாமல் முனகியிருக்கிறாள். அம்மம்மா இரண்டு நாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாராம். மூன்றாம் நாள் விடிய, தகரப்பேணியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பையைத் திறந்து, போடுகிற அதே கையால் ஒரு பிடி எடுத்தார். விரலிடுக்கால் சிந்தவிட்டு, நின்றதை மட்டும். "ஒண்டு" என்று வாய்விட்டுச் சொன்னாராம். சின்னம்மா இதைச் சொல்லும்போது அந்த 'ஒண்டு'வை அம்மம்மாவின் குரலிலேயே சொல்வார்.

மூன்று குழந்தைகளுக்கும் ஒரே பேணி. மற்றக் குடும்பத்துத் தாய் தன் பிள்ளைக்கு ஊற்ற வேறு சிரட்டை தேடியபோது, "இதுக்குள்ள என்ன வேற பேணி? தா இங்கை" என்று பிள்ளையை வாங்கி மடியில் வைத்துத் தானே பருக்கினார். இதை அந்தத் தாயே 2012இல் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். என்ன சிரிப்பென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2009 ஏப்ரல் 20 அளவில் சனம் சனமாய் மாத்தளனால் வெளியே வந்தபோது அவர்களும் வந்தார்கள். துணிப்பை வெறும்பை. அம்மம்மாவின் கணக்கு 68.

செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். முட்கம்பிக்குள் வெள்ளைக் கூடாரம். முதலில் சமைத்த சாப்பாடு, பிறகு உலர் உணவு. நிவாரண அரிசி கையில் கிடைத்த முதல் நாளே பிடி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார், பால்மாத் தகரத்துக்குள். "அப்ப கடனும் கழியுதுதானே எணை?" என்று மாமா கேட்டிருக்கிறார். அதற்கு அம்மம்மா சொன்ன பதிலை மாமா தானாகவே எனக்குத் தொலைபேசியில் சொன்னார், நான் கேட்காமலே. "அண்டண்டைப் பிடி அண்டண்டையோட. கடன் வேற. இது ஆரோ தந்த அரிசி. வாங்கித் திண்டு கொண்டு கடன் குடுக்கேலாது. உழைச்சுத்தான் குடுக்கவேணும்." அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பிள்ளையார் மாத்தளனில் எங்கே இருந்தவர் என்று கேட்கச்சொல்லி மாமாவிடம் சொன்னேன். மாமா கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தாலும் அம்மம்மா, பைக்குள்தான் என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஊருக்கு விட்டார்கள். வளவுக்குள் நின்ற சுவரைவிடப் பற்றை உயரம். முட்டி இருந்த மூலையே இல்லை. மிதிவெடி அகற்றுபவர்கள் வயலைப் பார்த்துச் சொன்ன பிறகு அடுத்த காலபோகத்துக்கு இரண்டு ஏக்கரில் விதைத்தார்கள். 2011 தொடக்கத்தில் வடக்குக் கிழக்கெங்கும் அடித்த வெள்ளத்தில் அது போயிற்று. அம்மம்மா வரம்பில் நின்று பார்த்துவிட்டு, "அவருக்கு அவசரமில்லை" என்றாராம். அந்த வருடம்தான் சங்குப்பிட்டியில் பாலம் திறந்தது.

2012 மாசியில் நான் அந்தப் பாலத்தால் வந்தேன். பாதைக்குக் காத்துநின்ற இடத்தை வாகனம் ஒரு நிமிடத்தில் கடந்தபோது, இறங்கி நிற்கவேண்டும் போலிருந்தது. அரிவி வெட்டு முடிந்து புதுநெல் வந்திருந்தது. அம்மம்மா என்னைவிடப் பாதி ஆளாய்ச் சுருங்கியிருந்தார். விரல்மொழிகள் வீங்கிக் கை முழுதாய் மூடாது. ஆனாலும் நெல்லைக் குற்றியது தான்தான் என்றார். சின்னம்மா பின்னால் நின்று இல்லையென்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை விடியக் குளக்கட்டுக்குப் போனோம். பிள்ளையாருக்கு மேலே தகரக் கூரை, அவ்வளவுதான். அம்மம்மா சுளகைக் கீழே வைத்து, பக்கத்தில் புதுமுட்டியை வைத்து, சீலையை ஒதுக்கிக்கொண்டு குந்தினார். நான் கனடாப் புத்தியில் சொன்னேன்: "இந்தச் சுளகை அப்பிடியே கொட்டினால் 68க்கு மேல வரும் அம்மம்மா." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூடக் குடுத்தா அது தருமம். எடுத்த அளவு குடுத்தாத்தான் கடன்."

ஒண்டு, ரெண்டு என்று போனது. மூடாத கைக்குள் அரிசி நிற்கவில்லை. சிந்தவிட்டு, நின்றதைப் போட்டு, பிறகு இரண்டு விரலால் ஒரு கிள்ளு எடுத்து மேலதிகமாய்ப் போட்டார். "எடுக்கேக்க கை இன்னும் கொஞ்சம் விரிஞ்சது." பதினேழில் நான் ஏதோ கேட்கப்போய்க் கணக்குத் தவறியது. முட்டியைக் கவிழ்த்துத் திரும்ப ஒண்டில் தொடங்கினார். முப்பதளவில் களைத்துப்போய் என்னைப் போடச் சொன்னார். நான் அள்ளிய பிடியைப் பார்த்ததும் கையைத் தட்டி அரிசியைச் சுளகுக்குள் விழுத்தினார். "உன்ர பிடி பெரிசு. அது சேராது."

வெயில் ஏறி, குளத்தில் கொக்குகள் இறங்கி, அவர் அறுபத்தெட்டைச் சொல்லிச் சிரட்டையைக் கையில் எடுத்தார். அதுவரை கட்டில் ஓடிக்கொண்டிருந்த சின்னம்மாவின் பேத்தி வந்து பக்கத்தில் குந்தினாள். இப்போது ஐந்து வயது, முன்பல் இரண்டும் இல்லை. முட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பச்சையரிசியை வாயில் போட்டு நறுக் நறுக்கென்று சப்பினாள்.

அம்மம்மா அவளைப் பார்த்தார். பிறகு பிள்ளையாரைப் பார்த்தார். சுளகைத் தன் பக்கம் இழுத்து, "இவளின்ர பிடி சின்னன்" என்று சொல்லி, அளவு பார்த்து, அரைக்கை அரிசி எடுத்தார்.